தென்மடைத் தூண்

"அங்க தூண் எதுவும் கெடையாது தாயி. நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து அந்தக் கரையத்தான் பாக்குறேன்."

"இருந்திருக்குக்கா. பறவைக்குத் தெரியுது."

"பறவை சொல்லுதாக்கும்! இருபத்தாறு வருசம் அந்த வழியாத்தான் சோத்து வாளியத் தூக்கிட்டு நடந்திருக்கேன். தூண் இருந்திருந்தா ஒரு நாளாச்சும் அதுல சாஞ்சு உக்காந்திருக்க மாட்டேனா?"

"பன்னெண்டு பறவைக்கா. பன்னெண்டும் ஒரே எடத்தக் காட்டுது. தென்மடைக்குப் பக்கத்துல, எல்லைக்கல்லுகிட்ட. பனைமரத்த விட ஒசரம். உச்சியில வெள்ளையா என்னமோ இருக்கு."

மீனாள் கருவியின் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஒரு பழுப்பு மங்கல். நனைந்த சுவரில் படர்ந்த கறை மாதிரி அதற்குள் கருவேல மரங்கள். அவற்றுக்குத் தெற்கே, மற்ற எல்லாவற்றையும் குட்டையாக்கிக்கொண்டு, வெள்ளைத் தலையோடு அந்தத் தூண் நின்றது.

"என்னத்தக் கண்டு மெரண்டுச்சோ," என்றாள் மீனாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

கண்மாய்க் கரையில் போட்டிருந்த அந்தத் தகரக் கொட்டகைக்குப் பரீதா வந்து ஐந்து மாதமாகிறது. இளையான்குடிப் பெண். இருபத்தெட்டு வயது. பறவைகளின் மூளையில் பதிந்து கிடக்கும் இடங்களை வாசித்துப் படமாக்கும் வேலையை எங்கோ தொலைதூரத்தில் படித்துவிட்டு வந்திருந்தாள். மீனாளுக்கு அவளிடம் வேலை, பறவையை மடியில் வைத்துக்கொள்வது. சொல்வதற்குச் சுலபம். கூழைக்கடாவின் அலகைக் கயிறு போட்டுக் கட்ட முடியாது. அது மூக்கால் மூச்சு விடுவதில்லை, வாயால்தான் விடும். இரண்டு அலகுக்கும் நடுவே ஒரு விரலைக் கொடுத்து, றெக்கையை முழங்கையால் அணைத்து, அது பதறாதபடி அரைமணி நேரம் உட்கார வேண்டும். வனத்துறை ஆட்கள் மூன்று பேர் முயன்று, மூன்று பேரும் கொத்து வாங்கிக்கொண்டு போனார்கள். மீனாள் மடியில் மட்டும் அவை கோயில் மாடு மாதிரி அடங்கிக் கிடந்தன. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் புடவையில் வீசும் கண்மாய்ச் சேற்று வாடைதான் காரணம் என்றான் அவள் கொழுந்தன் மலைக்கண்ணு.

வயலுக்காக வெட்டிய கண்மாய்கள் அந்தச் சீமையில் எத்தனையோ உண்டு. நெடுமடைக் கண்மாயை மீனுக்கென்றே வெட்டினார்கள். சத்திரத்துக்கு வருகிறவர்களுக்குச் சோறு போட யாரோ ஒரு சிற்றரசன் வெட்டி, விரால் குஞ்சும் கெண்டைக் குஞ்சும் விட்டு வளர்த்த குளம் அது. தென்மடைக் கல்லில் அறுநூறு வருடத்து எழுத்து இருக்கிறது: மடையோரக் கசத்தில் வலை வீசலாகாது, அது பறவைக்கு விட்டது என்று. சத்திரம் போயிற்று, சிற்றரசன் போனான். அந்த ஒரு வரி மட்டும் போகவில்லை. பங்குனியில் சுற்று வட்டாரத்துக் கண்மாய்களெல்லாம் சேறாகும்போது, ஆள் மட்டத்துக்கு ஆழமான அந்தக் கசத்தில் மட்டும் தண்ணீரும் மீனும் மிஞ்சிக் கிடக்கும். கூட்டில் குஞ்சு கத்துகிற காலம் அது. கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் நெடுமடையைத் தேடி வந்தது அதற்காகத்தான்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் கண்மாயைத் தூர்த்து, மேலே வெயில் தகடு விரித்தார்கள். ஊர் ராத்திரி வெளிச்சத்துக்குப் பகல் வெயிலைப் பிடித்து வைக்கிற தகடு. பிறகு அதைவிடச் சிறிய, அதைவிட நல்ல பொருள் ஒன்று வந்ததும் அந்தத் தகடுகளை யாரும் சீண்டவில்லை. ஏழு ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். தகட்டைப் பிடுங்கி, மண்ணை அள்ளி, பழைய ஆழத்துக்குத் தோண்டி, தண்ணீர் விட்டு மூன்று வருடமாகிறது. பெரிய கருவேல மரங்களை வேரோடு கொண்டுவந்து நட்டார்கள். மீன் விட்டார்கள். கசமும் பழைய இடத்தில் பழைய ஆழத்தில் இருந்தது.

பறவைகளும் வந்தன. ஐப்பசி பிறந்ததும் கூட்டமாக வந்து, தென்மடைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றின. போய்விட்டன. மூன்று வருடமாக இதே கதை. பெரிய சாலையோரத்து மரங்களில் போய்க் கூடு கட்டின. கூட்டிலிருந்து தவறும் குஞ்சுகள் தார் ரோட்டில் விழுந்தன.

"இந்த வருசமும் எறங்கலேன்னா தண்ணிய வேற எடத்துக்குத் திருப்பிருவாங்கக்கா," என்று பரீதா வந்த அன்றே சொல்லியிருந்தாள். "பறவை இல்லாத எடத்துக்கு எதுக்குத் தண்ணின்னு கேக்குறாங்க. எதையோ தேடுதுங்க. அது என்னன்னு கண்டுபிடிச்சுட்டா அதையும் செஞ்சு வச்சுரலாம்."

அப்படித்தான் அந்தத் தூணைச் செய்து வைத்தார்கள்.

எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில், பன்னிரண்டு பறவைகளும் காட்டிய அதே இடத்தில், எட்டு ஆள் உயரத்துக்குச் சிமெண்டுத் தூண். உச்சியில் சுண்ணாம்பு வெள்ளை. ஊரே வேடிக்கை பார்க்க வந்தது.

"என்ன டாக்டரம்மா, மீனெல்லாம் போன் பேசணும்னு கேட்டுச்சா? டவர் போட்டிருக்கீக?" என்றான் மலைக்கண்ணு.

"பறவை கேட்டுச்சு மாமா."

"கேக்கும், கேக்கும். நாளைக்கு ஒரு பெஞ்சு போடச் சொல்லும். மறாநாளு காப்பிக் கடை கேக்கும்."

மறுநாள் காலை பறவைகள் வந்தன. தூணைக் கண்டுகொள்ளவே இல்லை, எப்போதும் போல அந்த இடத்தைச் சுற்றின. இரண்டு சுற்று. போய்விட்டன.

பரீதா அன்று சாப்பிடவில்லை. சாயங்காலம் மீனாளிடம் வந்து சொன்னாள்: "மேலால வாசிச்சா பத்தாதுக்கா. ஒரு பறவைய முழுசா வாசிக்கணும்."

"வாசியேன். யாரு வேணாங்குறா?"

"முழுசா வாசிச்சா அது போயிரும்."

"செத்துப்போயிருமா?"

"பறவை சாகாது. வாசிச்ச நெனப்பு போயிரும். இப்ப நீங்க வாசல்ல மாக்கோலம் போட்டிருக்கீங்க. எத்தன புள்ளின்னு நான் கண்ணால பாத்தா தோராயமாத்தான் தெரியும். ஒவ்வொரு புள்ளியா வெரல வச்சு எண்ணுனா சரியாத் தெரியும். ஆனா எண்ணி முடிக்கும்போது கோலம் இருக்காது. என் வெரல்லதான் மாவு இருக்கும்."

"அதுக்குத் திரும்பப் போடத் தெரியாதா?"

"அந்த எடத்துல இனிமே நடக்குறதப் போட்டுக்கும். பழசு வராது."

"ஒரு பறவைதானே?"

"ஒண்ணே ஒண்ணு."

காலில் முப்பத்தொன்றாம் எண் வளையம் போட்ட பறவையைக் கொண்டுவந்தார்கள். தூர்ப்பதற்கு முந்திய வருடம் இதே கண்மாயில் குஞ்சு வளர்த்தது என்று பழைய ஏட்டில் இருந்தது. மீனாள் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதை மடியில் வாங்கிக்கொண்டாள். நல்ல கனம். விரலை அலகுக்குள் கொடுத்தாள். பரீதா அதன் தலையில் நூல் வலை மாதிரி இருந்த தொப்பியை மாட்டினாள்.

திரையில் பழுப்பு கலைந்தது. முதன்முறையாகத் தண்ணீர் தண்ணீராகவே தெரிந்தது. தூர்க்கும் முன்பிருந்த கண்மாய்தான். வடகரையில் சாய்ந்து நின்ற ஒற்றை மரம்கூட இருந்தது. அவள் அதை மறந்தே போயிருந்தாள். மரங்களெல்லாம் புதர் அளவுக்குச் சிறியதாக, கசம் மட்டும் கடல் அளவுக்குப் பெரியதாக, கசத்தின் ஓரத்தில் அந்தத் தூண்.

"அக்கா, தூண் நகருது," என்றாள் பரீதா. "மிசின் ஆடுதா என்னன்னு தெரியல."

மிசின் ஆடவில்லை. தூண் இடது பக்கம் ஒரு தாழ்வு தாழ்ந்து எழுந்தது. மறுபடியும் தாழ்ந்து எழுந்தது. நின்றது. உச்சியில் இருந்த வெள்ளை, காற்றில் விரிந்து மூன்று முறை வீசியது.

மீனாளின் விரலைப் பறவை மெல்லக் கவ்விக்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை.

"அது தூண் இல்ல," என்றாள். "அவுக."

"யாருக்கா?"

"எங்க வீட்டுக்காரவுக. மஞ்சுவெரட்டுல மாடு முட்டி எடது கால் போயிருச்சு. தாங்கித் தாங்கித்தான் நடப்பாக."

மீனாளின் கணவன் சேவுகன், கண்மாய்க் காவல்காரன். அவனுடைய அப்பனும் தாத்தனும் பார்த்த வேலை. மீன்பிடித் திருவிழா அன்று ஊர்த் தலைவரான அம்பலம் கரையில் நின்று துண்டை வீசினால், ஐந்நூறு பேர் மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக் கூடையோடு தண்ணீருக்குள் பாய்வார்கள். மீன் ஆசையில் மனிதனுக்குக் கண் தெரியாது. எல்லைக்கல்லைத் தாண்டிக் கசத்துக்குள் ஒரு கால் வைத்தால் அன்றோடு பறவைப் பங்கு போய்விடும். அதனால் காலையிலிருந்து கடைசி ஆள் கரையேறும் வரை காவல்காரன் அந்தக் கல்லில் தலையில் வெள்ளை உருமால் கட்டி நிற்பான். எல்லாரும் போன பிறகு உருமாலை அவிழ்த்து மூன்று வீச்சு வீசுவான். வானத்தில் ஒதுங்கிச் சுற்றிக்கொண்டிருந்த பறவைகள் அதைக் கண்டு இறங்கும். சேவுகன் திருவிழா அன்று மட்டும் நிற்பதோடு விடவில்லை. தினம் இரண்டு வேளை போய் நின்றான்.

"மனுசன் எப்படிக்கா பனைமர ஒசரத்துக்கு…" என்று தொடங்கிய பரீதா தானாகவே நிறுத்தினாள். பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள்: "அதுங்க கோல் வச்சா அளக்குதுங்க? எது இருந்தா தைரியமா எறங்கலாமோ அதுதான் பெருசாத் தெரியும். நான் ஒரு மடச்சி. போய்ச் சிமெண்டுல கட்டி வச்சிருக்கேன்."

"மொகம் தெரியலையே."

"அதுங்களுக்கு மொகம் வேண்டியதில்லக்கா. நடைதான்."

அவன் உச்சந்தலையை மீனாள் அதுவரை மேலேயிருந்து பார்த்ததில்லை. திரையில், உருமால் அவிழ்ந்த பிறகு நடுவில் முடி கொட்டிய ஓர் இடம் வெயிலில் மின்னியது. அதை அவளுக்குத் தெரியாமலே வைத்திருந்திருக்கிறான் மனுசன்.

"இன்னொரு தடவ காட்டு."

"இல்லக்கா. படம் தங்காது. அளவு மட்டுந்தான் பெட்டியில நிக்கும்." பரீதா தொப்பியைக் கழற்றினாள். "இந்தப் பறவையில அது முடிஞ்சுபோச்சு."

மீனாள் குனிந்து பறவையின் கண்ணைப் பார்த்தாள். மஞ்சள் கண் இமைத்தது. ஊருக்குப் புதிதாக வந்தவன் பார்க்கிற மாதிரி அது கண்மாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சேதி ஊருக்குள் பரவ அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மலைக்கண்ணு கொட்டகை வாசலில் வந்து நின்றான். அன்றைக்கு அவன் கேலி பேசவில்லை.

"நாமளே தப்புப் பண்ணிட்டமா மதினி?" என்றான்.

சேவுகன் செத்தது கண்மாயைத் தூர்த்து இரண்டாம் வருடம். தகடு பரப்பிய பொட்டலில், இல்லாத கசத்துக்கு முன்னால், இரண்டு வேளையும் போய் நின்றுகொண்டிருந்தவன் ஒரு நாள் காய்ச்சலோடு படுத்தான், எழவில்லை. மறுபடி தண்ணீர் வந்தபோது ஊர் கூடிப் பேசியது. எல்லைக்கல்லுக்கு மாலை போட்டார்கள். சேவுகன் நின்ற இடத்தில் இனிமேல் யாரும் நிற்கக் கூடாது, அது அவனுக்குச் செய்கிற மரியாதை என்று முடிவெடுத்தார்கள். மூன்று வருடமாக அந்தப் பக்கம் ஆடு மேய்க்கப் போனவன்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நடந்தான். யாரும் வாய் விட்டுச் சொல்லாமலே அவ்வளவு சுத்தமாக அந்த இடத்தைக் காலியாக வைத்திருந்தார்கள்.

"மரியாதைதானய்யா செஞ்சோம்," என்றாள் மீனாள்.

"மரியாதை நமக்கு. அதுகளுக்கு ஆளு வேணும்ல?" மலைக்கண்ணு தலைத்துண்டை உதறினான். "நான் நிக்கிறேன். அண்ணன் உசரந்தானே நானும்."

மறுநாள் விடிந்ததும் எல்லைக்கல்லில் ஏறி நின்றான். உருமால் கட்டினான். பறவைகள் வந்து சுற்றியபோது அவிழ்த்து வீசினான். அவை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தன. கரையில் நின்ற கூட்டத்திலிருந்து யாரோ, "நடந்து காமிப்பா! காலத் தாங்கு!" என்றார்கள். மலைக்கண்ணு இடது காலைத் தாங்கித் தாங்கி நடந்தான்.

"ஏய், வலது காலத் தாங்குறடா!"

"எனக்கு எதிர்ல நின்னு பாத்தா அப்படித்தான் தெரியும், பொத்திக்கிட்டு நில்லு!"

சிரிப்பு அடங்கும் முன்பே ஒரு பறவை கால்களை நீட்டி, கிட்டத்தட்ட தண்ணீரைத் தொட்டது. பிறகு அது ஏதோ நினைத்துக்கொண்டது போல றெக்கையை அடித்து எழும்பிற்று. மற்றவை அதற்குப் பின்னால் போயின. வேலி தாண்டிச் சாலைப் பக்கம் மறையும்வரை மலைக்கண்ணு துண்டை வீசிக்கொண்டே நின்றான். ஒன்பது நாள் அப்படி நின்று பார்த்தான். பத்தாம் நாள் கல்லிலிருந்து இறங்கி வந்து, "நான் எங்கண்ணன் இல்லங்கிறது அதுகளுக்கும் தெரிஞ்சிருக்கு," என்று சொல்லிவிட்டுக் கொட்டகைச் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அழுதான் என்று சொல்ல முடியாது. மூக்கை மட்டும் அடிக்கடி துடைத்துக்கொண்டான்.

அதே பத்தாம் நாள் பத்து மணிக்குத்தான் ஒற்றையாக ஒரு கூழைக்கடா வந்தது. சுற்றவில்லை. வடக்கேயிருந்து நேராக வந்து, கசத்தில் பொத்தென்று இறங்கி, அலகை முக்கி, பை நிறைய மீனை அள்ளிக்கொண்டு, பக்கத்துக் கருவேல மரத்தில் போய் உட்கார்ந்தது. சாயங்காலத்துக்குள் ஒரு குச்சியைக் கொண்டுவந்து கிளையில் வைத்தது.

பரீதா தொலைநோக்கியை இறக்கினாள். "முப்பத்தொண்ணு," என்றாள்.

மீனாளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. பரீதா சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

பரீதா இரண்டு நாள் சொல்லவில்லை. மூன்றாம் நாள், டீக்கிளாசைக் கையில் உருட்டிக்கொண்டே தொடங்கினாள்: "அது ஒங்க வீட்டுக்காரரத் தேடலக்கா. அதனால எறங்கிருச்சு. இந்தக் கண்மாய் அதுக்குப் புதுசு. மீன் இருக்கு, மரம் இருக்கு, வேற என்ன வேணும்னு உக்காந்துருச்சு."

"சரி."

"இன்னும் அறுபத்திரண்டு பெருசுக இருக்கு. எளசுக அதுகளப் பாத்துத்தான் எறங்கும், ஏறும். அந்த அறுபத்திரண்டையும் முழுசா…"

"வாசிச்சுட்டா?"

"வாசிச்சுட்டா எல்லாம் எறங்கிரும். மேலேருந்தும் உத்தரவு வந்திருச்சு. மார்கழிக்குள்ள முடிக்கணும். ஆனா நீங்க வச்சுக்கிட்டாத்தான் அதுங்க அடங்குதுங்க. நீங்க மாட்டேன்னா…" கிளாசைக் கீழே வைத்தாள். "மாட்டேன்னாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"ஏந் தாயி, நீ என்ன கேக்குறன்னு தெரிஞ்சுதான் கேக்குறியா? அவுகளத் தேடி வர்றதுக்குன்னு இந்த ஒலகத்துல வேற யாரு இருக்கா? எம்மகன் சிங்கப்பூருலேருந்து வருசத்துக்கு ஒரு தடவ கூப்பிடுறான். அப்பாவப் பத்தி ஒரு பேச்சு இல்ல. ஊரு கல்லுக்கு மாலை போட்டு அவுகளச் சாமியாக்கிட்டு அதோட விட்டுருச்சு. இதுக மட்டுந்தான் காலு தாங்குன மனுசனாவே தேடிக்கிட்டு வருதுக. அதையும் என் மடியில வச்சே தொடச்சு எடுக்கச் சொல்ற."

பரீதா கீழே வைத்த கிளாசை எடுத்துக் கழுவப் போனாள்.

மறுநாள் மீனாள் கொட்டகைக்கு வரவில்லை. பெரிய சாலை வரைக்கும் நடந்தே போனாள். சாலையோரத்து மரங்களில் கூடுகள், இருக்கிற நாலு கிளைக்குள் நாற்பது கூடாக நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. தார் ரோட்டில் ஆள் இல்லாத லாரிகள் சத்தமில்லாமல் போயின. அந்த லாரிகள் மனிதனைக் கண்டால் நிற்கும். குஞ்சைக் கண்டால் நிற்கச் சொல்லி அவற்றுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. முந்திப் பொரித்த குஞ்சு ஒன்று இன்னும் றெக்கை முளைக்காமல் வெள்ளைக் கோட்டின் மேல் கிடந்தது. தாய்ப்பறவை மேலே கிளையில் அலகைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. அதன் காலில் வளையம். நெடுமடை வளையம். காலையில் தென்மடைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்திருக்கும். நாளைக் காலையும் வரும்.

"அவுக இருந்தா ஒன்னைய வைவாக," என்று அதைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள் மீனாள். "புள்ளைய இங்க போட்டுட்டு அங்க வந்து யாரத் தேடுற?"

குஞ்சைப் புதைப்பதற்குக் கையால்தான் குழி தோண்ட வேண்டியிருந்தது.

பொழுது சாயும் முன் கொட்டகைக்கு வந்து, கால் கழுவிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "கொண்டாரச் சொல்லு," என்றாள்.

ஒரு நாளைக்கு இரண்டு, சில நாள் மூன்று. ஒவ்வொரு பறவைக்குள்ளும் சேவுகன் ஒவ்வொரு மாதிரி இருந்தான். ஒன்றில் மழையில் நனைந்துகொண்டே நின்றான். ஒன்றில் கசத்தோரம் குந்தி, தூண்டில் முள் விழுங்கிய அதே பறவையின் தொண்டையில் கையை விட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பறவையின் நினைவில் அவன் கைதான் வானம் முழுக்க இருந்தது. ஒன்றில் வெடி போட வந்தவனைக் கல்லால் விரட்டினான். பதினேழாவது பறவையில் அவன் காலடியில் சாணி நிறத்தில் ஒரு புள்ளி ஊர்ந்து வந்து நின்றது.

"இது என்னக்கா? நாயா?"

மீனாள் உற்றுப் பார்த்தாள். புள்ளியிலிருந்து சின்னதாக ஒரு மினுக்கம்.

"சோத்து வாளி," என்றாள். "நான்தான் அது."

பரீதா சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். மீனாளும் சிரித்தாள். "அம்புட்டுத்தான் போல நானு," என்றாள். திரை பழுப்பாகும்வரை அந்தப் புள்ளி தூணை ஒட்டியே இருந்தது. இருவரும் ஏதோ பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். என்ன பேசினோம் என்று மீனாள் அன்று முழுக்க யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. குழம்பில் உப்பு குறைச்சல் என்றிருப்பான்.

ஒவ்வொன்றாகப் பறக்கவிட்டார்கள். ஒவ்வொன்றாகக் கண்மாயில் இறங்கின. பெரியவை இறங்கக் கண்டு சிறியவை வந்தன. கூழைக்கடா இறங்கக் கண்டு நத்தைகுத்தி வந்தது, அரிவாள்மூக்கன் வந்தது, யாரும் கூப்பிடாத நீர்க்காகம் நூறு வந்தது. வடகரை மரங்கள் எச்சத்தில் வெளுத்தன. சாலையோரத்துக் கூடுகள் காலியாகிவிட்டதாக வனத்துறை ஆள் வந்து சொன்னார். மலைக்கண்ணு கண்மாய்க்குள் மீன் கணக்குப் பார்க்கப் போய் தலையில் எச்சம் வாங்கிக்கொண்டு வந்து, "டாக்டரம்மா, இதையும் வாசிச்சு எடுக்க முடியுமா?" என்று கேட்டான். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. மூன்று வருடமாக அந்தக் கரையில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

மீனாளும் சிரிப்பாள். ஆனால் விடிகாலையில் தென்மடைக்குத் தனியாகப் போய் நிற்பாள். முதல் வாரத்தில் சுற்றியவை ஐம்பது. அப்புறம் முப்பது. அப்புறம் விரல்விட்டு எண்ணுகிற அளவு. ஒவ்வொரு நாளும் அவள் தலையை உயர்த்தி எண்ணுவாள். எழவு வீட்டுக்கு வருகிறவர்கள் நாளாக ஆகக் குறைவது மாதிரி இருந்தது அவளுக்கு. கடைசி ஆறு நாளாக ஒன்றே ஒன்றுதான். வளையம் ஒன்பது. நல்ல வயசாளி, கழுத்து இறகு பழுத்துப்போயிருந்தது. கீழே முந்நூறு பறவை கலகலவென்று கிடக்க, அது மட்டும் யாரையும் பார்க்காமல் இரண்டு சுற்றுச் சுற்றும். போய்விடும்.

"இது ஒண்ணுதானே, விட்டா என்னான்னு நெனைக்காதீங்கக்கா," என்று முந்தின நாளே சொல்லியிருந்தாள் பரீதா. "வயசானது ஏறுனா எளசுக பின்னாலயே ஏறிரும். ஒரு நாள் ஏறாது, ரெண்டு நாள் ஏறாது. என்னைக்காச்சும் ஒரு நாள் மொத்தமா ஏறிட்டா, நாம பட்ட பாடெல்லாம் போச்சு. ஏறவும் செய்யலாம், ஏறாமலும் போகலாம். எனக்கே தெரியல."

ஒன்பதாம் வளையத்தைப் பிடிக்கத்தான் அதிக நாள் ஆயிற்று. பதினோரு மணி வெயிலில் கொண்டுவந்தார்கள். மீனாள் மடியில் விழுந்ததும் அது அடங்கியது. விரலைக் கொடுத்தாள். அலகுக்குள் சூடாக மூச்சு வந்து போயிற்று. வெளியே கண்மாய் ஒரே இரைச்சல். பெருநாள் சந்தை மாதிரி.

பரீதா தொப்பியை எடுத்தாள். நூல்களைப் பிரித்தாள். உத்தரவின்படி இதோடு வேலை முடிந்துவிடும். நாளை மறுநாள் அவள் ஊருக்குப் போகலாம்.

மீனாள் பறவையின் தலையைத் தன் மாரோடு சேர்த்து, உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். தொப்பி நுழைய இடமில்லை.

"அக்கா?"

"விடியக்காலையில வந்துச்சு இன்னிக்கும். ஒண்ணும் செய்யல. வந்து சுத்திப் பாத்துட்டுப் போச்சு. நானும் அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னேன். ரெண்டு பேருக்கும் ஒரே ஆளத்தான் காணல." அவள் பரீதாவை நிமிர்ந்து பார்த்தாள். "மத்ததெல்லாம் கொடுத்துட்டேன் தாயி. நீ கேட்ட அம்புட்டையும் என் கையாலயே புடிச்சுக் கொடுத்துட்டேன். இது ஒண்ணு தேடிக்கிட்டே கெடக்கட்டும். இத மட்டும் விட்டுர்றியா?"